புறாக்கூடு: கற்றதும் கண்டதும்

இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்களின் ‘ஹிதாயா’ நம் நாட்டு அரபுக் கல்லூரிகளில் தலைமுறை தலைமுறையாகக் கற்பிக்கப்பட்டு வரும் நூலாகும். ஹிஜ்ரி 593இல் (கி.பி. 1197) மறைந்த அப்பேரறிஞர், எவருடைய சாட்சியம் ஏற்கப்படாது என்று விளக்கும் பகுதியில், பறவைகளை வைத்து விளையாடுபவரையும் குறிப்பிடுகின்றார். அதற்கு இரு காரணங்களையும் தருகின்றார். ஒன்று, அவ்விளையாட்டு மனிதனிடத்தில் ‘கஃப்லத்’ எனப்படும் கவனமின்மையை விளைவிக்கும். மற்றொன்று, பறவையைப் பறக்கவிட மாடியேறுபவரின் பார்வை அண்டை வீட்டுப் பெண்கள் மீது படக்கூடும். சில பிரதிகளில் ‘துயூர்’ (பறவைகள்) என்பதற்குப் பதிலாக ‘துன்பூர்’ (நரம்பிசைக் கருவி) என்னும் பாடம் உள்ளதையும் அவரே சுட்டிச் செல்கின்றார்.

இவ்விடத்தைப் பல ஆண்டுகளாக நாம் பாடம் நடத்தி வந்துள்ளோம். பாடபேதத்தைச் சொல்லி, இரு காரணங்களையும் விளக்கி, அடுத்த வரிக்குச் சென்றுவிடுவதே நமது வழக்கம். ஆனால் ஓர் ஆண்டு, வகுப்பு முடிந்த பின்னர் ஒரு மாணவர் மட்டும் எழுந்து செல்லாமல் நின்றார். “ஹஜ்ரத், எங்க அத்தா பந்தயப் புறா வளர்க்கிறாங்க. அடுத்த மாசம் மாமா மகளுக்கு நிக்காஹ். அத்தா சாட்சியா நிக்கலாமா?” என்று தாழ்ந்த குரலில் கேட்டார்.

அவ்வினாவுக்கு உடனடியாக விடை கூற நமக்கு நா எழவில்லை. சட்டம் தெரிந்திருந்தது; சட்டம் பேசும் பொருள் தெரிந்திருக்கவில்லை. ‘பறவையைக் கொண்டு விளையாடுதல்’ என்பதைப் பல்லாண்டுகள் கற்பித்தும், ஒரு புறாக்கூட்டின் முன் ஒரு மணி நேரம் நின்றதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பார்த்துவிட்டுச் சொல்வதாகக் கூறி அம்மாணவரை அனுப்பினோம். இக்கட்டுரை அவ்வாறு பார்த்ததன் பயனாகும்.

மாடியில் ஒரு சமுதாயம்

குரோம் முறையில் தோல் பதனிட்ட ஆலையால் பெயர் பெற்ற ஊர் குரோம்பேட்டை. இன்று நெருக்கமான குடியிருப்புப் பகுதி. அங்கே ஓர் இரண்டடுக்கு வீட்டின் மொட்டைமாடியில் அக்கூடு இருந்தது. மரச்சட்டமும் கம்பிவலையும் தகரக் கூரையும் கொண்ட எளிய அமைப்பு. காலை வெயில் விழும்படி கிழக்கு நோக்கியும், மழைச்சாரல் உள்ளே புகாதபடியும் கட்டப்பட்டிருந்தது. அண்டை வீட்டு மாடியை நோக்கிய பக்கம் முழுவதும் கீற்றுத் தட்டியால் மறைக்கப்பட்டிருந்ததை முதலில் கவனித்தோம். ஹிதாயா கூறும் இரண்டாம் காரணம் நினைவுக்கு வந்தது. நாம் கேட்பதற்கு முன்னரே, “பக்கத்து வீட்டுல துணி காயப் போட வருவாங்க ஹஜ்ரத்” என்றார் மாணவரின் தந்தை.

அதன் பின் பல நாட்கள், ஃபஜ்ருத் தொழுகை முடித்து அங்குச் சென்றோம். முதல் நாள் கண்ணுக்குத் தெரிந்தது சிறகடிப்பும் இரைச்சலும் மட்டுமே. நாள் செல்லச் செல்ல, அந்த இரைச்சலுக்குள் ஓர் ஒழுங்கு புலப்பட்டது.

சுவரில் கட்டம் கட்டமாக அமைந்த இருக்கைகளில் ஒவ்வொரு புறாவும் தனக்கென ஓரிடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. மாலையில் நாற்பது பறவைகள் ஒன்றாக உள்ளே நுழைந்தாலும் ஒவ்வொன்றும் தன் கட்டத்துக்கே செல்லும். மற்றொன்று அங்கே அமர்ந்திருந்தால் முதலில் உறுமல், பின் சிறகால் ஓர் அடி. பூசல் அத்துடன் முடிந்துவிடும். வலிமை மிக்க சேவல்கள் உயரமான கட்டங்களில் அமர்கின்றன. புதிதாக வந்த இளம்பறவை, எவரும் விரும்பாத கீழ்க்கட்டத்தில் தன் வாழ்வைத் தொடங்குகிறது. பூமியில் ஊர்வனவும் சிறகால் பறப்பனவும் உங்களைப் போன்ற சமுதாயங்களே என்னும் கருத்தை அல்அன்ஆம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் உணர்த்துகின்றது. அவ்வசனத்துக்கு எத்தனையோ விரிவுரைகளை நாம் படித்திருக்கிறோம். தகரக்கூரையின் கீழ் நின்று அதனை நினைத்தது அதுவே முதன்முறை.

இணையும் இல்லறமும்

புறா ஓர் இணையோடு நெடுங்காலம் வாழும் இயல்புடையது. சேவல் கழுத்தை உப்பி, வாலை விரித்துத் தரையில் இழுத்தபடி, குனிந்து குனிந்து கூவிப் பெடையைச் சுற்றி வரும். பெடை இசைந்தால் அலகோடு அலகு சேர்க்கும். முட்டையிடும் நாள் நெருங்கும்போது சேவல் பெடையை ஓரிடத்திலும் நிற்க விடாது. பின்தொடர்ந்து விரட்டிக் கூட்டுக்குள் அனுப்பும். இதனைக் காண்போர் சண்டை என எண்ணக்கூடும். உண்மையில் அது கூட்டுக்கு அழைக்கும் அவசரமாகும்.

பெடை இடும் முட்டைகள் இரண்டு. முதல் முட்டை பெரும்பாலும் மாலைப் பொழுதில் வரும். ஏறத்தாழ 44 மணி நேரம் கழித்து இரண்டாவது வரும். அதன் பிறகே முழுமையான அடைகாத்தல் தொடங்குகிறது. எனவே இரு குஞ்சுகளும் ஏறக்குறைய ஒரே வேளையில் பொரிந்து, ஒன்றையொன்று மிஞ்சாமல் வளர்கின்றன. அடைகாத்தலில் கணவன் மனைவி இருவருக்கும் முறை வைத்த பங்கு உண்டு. முற்பகல் முதல் பிற்பகல் வரை சேவல் அமர்கிறது. மாலை முதல் மறுநாள் காலை வரை பெடை அமர்கிறது. முறை மாறும் நேரத்தை நாம் பல நாட்கள் பார்த்தோம். கடிகாரம் பார்த்துப் பணிக்கு வருவோரிடத்திலும் காண அரிதான ஒழுங்கு அது.

17 அல்லது 18 நாட்களில் கண் திறவாத குஞ்சுகள் வெளிவருகின்றன. முதற்சில நாட்களுக்கு அவற்றின் உணவு தானியமன்று. தாய், தந்தை இருவரது இரைப்பையின் உட்சுவரிலும் பாலாடை போன்ற ஒரு பொருள் சுரக்கிறது. புரதமும் கொழுப்பும் நிறைந்த இதனைப் புறாப்பால் என்பர். பாலூட்டி உயிரினங்களில் பால் சுரப்பைத் தூண்டும் புரோலாக்டின் என்னும் அதே இயக்குநீரே இதனையும் சுரக்கச் செய்கிறது என்பது இன்றைய அறிவியல் கூறும் செய்தி.

இங்கு அல்ஜாஹிளை நினைவுகூராமல் இருக்க இயலாது. பஸராவைச் சேர்ந்த அம்மேதை ஹிஜ்ரி 255இல் (கி.பி. 868-69) மறைந்தவர். தம் ‘கிதாபுல் ஹயவான்’ நூலின் மூன்றாம் பாகத்தில் புறாவுக்கு நீண்ட பகுதியை ஒதுக்கியுள்ளார். குஞ்சின் தொண்டை குறுகலாய் இருப்பதால் பெற்றோர் முதலில் அதனுள் காற்றை ஊதி விரியச் செய்வதையும், பின் உமிழ்நீர் கலந்த மென்மையான இரையை ஊட்டுவதையும், அடுத்து உப்புத்தன்மை கொண்ட சுவர் மண்ணைக் கொடுப்பதையும், இறுதியிலேயே தானியத்துக்கு மாற்றுவதையும் அவர் படிப்படியாக விவரிக்கின்றார். அந்த முதல் உணவுக்குச் சீம்பாலைக் குறிக்கும் அரபுச் சொல்லே வழங்கியதையும் பதிவு செய்துள்ளார். நுண்ணோக்கியும் ஆய்வகமும் இல்லாத காலத்தில் இதனை அவர் அறிந்தது எங்ஙனம்? முஸன்னா பின் ஸுஹைர் போன்ற புறா வளர்ப்போரிடம் கேட்டார்; அவர்கள் கூட்டின் முன் அமர்ந்து பார்த்தார்கள். அறிஞர் ஒருவர் புறா வளர்ப்பவரின் வாய்மொழியைச் சான்றாக ஏற்று நூலில் எழுதினார் என்பது, நம் மாணவரின் வினாவோடு சேர்த்து எண்ணத்தக்கது.

நம் தமிழ் மரபும் இதில் பின்தங்கியதன்று. பாலை நிலத்தின் வெம்மையால் வருந்தும் பெடையின் துயரை ஆண்புறா தன் மென்சிறகால் ஆற்றும் காட்சியைக் கலித்தொகை காட்டுகின்றது. அதைப் பாடிய புலவரும் நின்று பார்த்தவரே.

வளர்ப்பவர் எதைப் பார்க்கிறார்?

கூட்டுக்குள் நுழைந்ததும் அத்தந்தை முதலில் பார்ப்பது பறவையை அன்று, தரையைப் பார்க்கிறார். எச்சம் கெட்டியாகவும் அதன் நுனி வெண்மையாகவும் இருந்தால் பறவை நலமாயிருக்கிறது. பச்சை நிறத்தில் நீராய் இருந்தால் ஏதோ நோய் தொடங்கியுள்ளது. அடுத்து, அலகின் மேலுள்ள சதைப்பற்று வெண்மை குன்றாமல் உள்ளதா என்று பார்க்கிறார். தண்ணீர்த் தொட்டியின் மேல் மெல்லிய வெண்படலம் மிதந்தால் மகிழ்கிறார். நலமான பறவையின் இறகிலிருந்து உதிரும் மாவு போன்ற தூள் அது. இறக்கையை விரித்து, பத்து முதன்மைச் சிறகுகளில் எத்தனையாவது உதிர்ந்துள்ளது என்று எண்ணுகிறார். அவை உள்ளிருந்து வெளிநோக்கி ஒவ்வொன்றாக முறைப்படி உதிர்ந்து முளைப்பவை. இடையில் ஓர் இடைவெளி இருக்கும் பறவையை அவர் நெடுந்தொலைவுக்கு அனுப்புவதில்லை.

பயிற்சியும் இவ்வாறே படிப்படியானது. பிறந்து ஒரு வாரம் ஆகும்போது, பாதம் சிறிதாக இருக்கையிலேயே, மூட்டில்லாத வளையம் காலில் இடப்படுகிறது. பாதம் வளர்ந்த பின் அதனைக் கழற்றவோ வேறொன்றை மாட்டவோ இயலாது. அவ்வெண்ணே பறவையின் வாழ்நாள் அடையாளம். நான்கு வாரத்தில் தாய் தந்தையிடமிருந்து பிரிக்கப்படும் இளம்பறவை, மாடியின் மேல் வைத்த கம்பிப் பெட்டியில் அமர்ந்து சுற்றுப்புறத்தைப் பார்க்கப் பழகுகிறது. திரிசூலம் மலையும், மீனம்பாக்கத்தில் இறங்கும் வானூர்திகளும், ரயில் பாதையும் அதன் மனத்தில் பதிகின்றன. கம்பும் சோளமும் பட்டாணியும் இருக்கும் டப்பாவைக் குலுக்கும் ஓசை, வீடு திரும்புவதற்கான அழைப்பு என்று அது கற்கிறது. பின்னர்ச் சில கிலோமீட்டர், பின் பத்து, ஐம்பது எனத் தொலைவு கூட்டப்படுகிறது.

சென்னையில் புறாப் பந்தயம் பலவகை. வானில் அதிக நேரம் நிற்பவை, கர்ணமடிப்பவை, தொலைவிலிருந்து வீடு திரும்பும் ஹோமர் எனப் பிரிவுகள் உண்டு. நாம் கண்டது ஹோமர் கூடு. ஒரே இடத்தில் விடப்படும் பறவைகள் வெவ்வேறு வீடுகளுக்குத் திரும்புவதால் முதலில் வருவது வென்றதாகாது. ஒவ்வொரு கூட்டுக்கும் உள்ள தொலைவை எடுத்துக்கொண்ட நேரத்தால் வகுத்து, நிமிடத்துக்கு இத்தனை மீட்டர் என்று கணக்கிடுவர். விஜயவாடாவிலிருந்து குரோம்பேட்டைக்கு வான்வழியே ஏறத்தாழ 400 கிலோமீட்டர். நிமிடத்துக்கு 1,100 மீட்டர் பறக்கும் புறா ஆறு மணி நேரத்தில் வந்து சேரும்.

எதற்காகத் திரும்புகிறது?

முன்பின் பார்த்திராத ஊரிலிருந்து எவ்வாறு வழி அறிகிறது என்பதை அறிஞர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகின்றனர். புறா சூரியனைத் திசைகாட்டியாகக் கொள்கிறது. செயற்கை ஒளியில் வைத்து அதன் உடற்கடிகாரத்தை ஆறு மணி நேரம் மாற்றிவிட்டால், ஏறத்தாழ 90 பாகை திசை மாறிப் பறக்கிறது. 1971இல் கீட்டன் என்பவர் புறாக்களின் மேல் காந்தத் துண்டுகளைப் பொருத்தினார். வெயில் நாளில் அவை தடுமாறவில்லை, மேகமூட்டத்தில் தடுமாறின. எனவே பூமியின் காந்தப்புலமும் அவற்றுக்குத் துணை என்று கொள்ளப்பட்டது. 1972இல் இத்தாலியின் பீசா நகர ஆய்வாளர்கள், மணமறியும் நரம்பு துண்டிக்கப்பட்ட புறாக்கள் வீடு திரும்ப இயலாமற் போவதைக் காட்டினர். 2004இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள், பழகிய பகுதிகளில் புறாக்கள் நெடுஞ்சாலைகளை ஒட்டியே பறப்பதைச் செயற்கைக்கோள் கருவி கொண்டு பதிவு செய்தனர்.

இவை அனைத்தும் எவ்வாறு திரும்புகிறது என்பதற்கு விடைகள். ஏன் திரும்புகிறது என்பதற்கு விடை கூட்டுக்குள் இருக்கிறது. அதன் கட்டம் அங்கே உள்ளது. இணை அங்கே உள்ளது. அடைகாக்க வேண்டிய முறை காத்திருக்கிறது. வளர்ப்போர் இதனை நன்கறிவர். ஐரோப்பாவில், குறிப்பாகப் பெல்ஜியத்தில், வாரம் முழுதும் சேவலைப் பெடையிடமிருந்து பிரித்து வைத்து, பந்தயத்துக்கு அனுப்பும் முன் சிறிது நேரம் மட்டும் காட்டும் முறை பரவலாக உள்ளது. பத்து நாள் முட்டையை விட்டும், அண்மையில் பொரித்த குஞ்சை விட்டும் பறவையை எடுத்து அனுப்புவோரும் உண்டு. அத்தகைய பறவை வேகமாகத் திரும்பும் என்பது அவர்களது அனுபவம்.

இங்கேதான் நமது நெஞ்சம் சற்று நின்றது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் ‘மானுக்குப் பிணை நின்ற படலம்’ உண்டு. வேடனிடம் சிக்கிய பிணைமான், குட்டிக்குப் பாலூட்டிவிட்டு வருவதற்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நின்றதாகப் புலவர் பாடுகின்றார். நபிமொழித் தொகுப்பான அபூதாவூதில் ஒரு நிகழ்ச்சி பதிவாகியுள்ளது. பயணமொன்றில் தோழர்கள் சிலர் ஒரு சிறுபறவையின் இரு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது. அதனைக் கண்ட நபிகளார் (ஸல்), குஞ்சுகளை இழக்கச் செய்து அதனைத் துன்புறுத்தியவர் யார் என்று வினவி, அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். உயிரினத்தின் பாசத்தை அறிவது வேறு. அப்பாசத்தைச் சாட்டையாக்குவது வேறு. இதுபற்றி அத்தந்தையிடம் கேட்டோம். “ஒரு வருசம் குஞ்சை விட்டுட்டுப் பெடையை அனுப்புனேன் ஹஜ்ரத். பைரி அடிச்சிடுச்சு, வரவே இல்ல. சேவல் தனியா வளர்க்கப் பார்த்துச்சு. ஒரு குஞ்சு செத்துப் போச்சு. அதுக்கப்புறம் அப்படி அனுப்புறதில்ல” என்றார். எந்நூலும் படிக்காமல் அவர் அம்முடிவுக்கு வந்திருந்தார்.

வரலாற்றில் புறாவின் பணி

முஸ்லிம் ஆட்சியாளர்கள் இப்பறவையின் திரும்பும் இயல்பை விளையாட்டுக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. ஹிஜ்ரி 567இல் (கி.பி. 1171-72) சுல்தான் நூருத்தீன் ஸன்கீ தம் ஆட்சிப்பகுதி முழுதும் புறா அஞ்சலை நிறுவியதை வரலாற்றாசிரியர் இப்னுல் அஸீர் குறிப்பிடுகின்றார். எல்லையில் சிலுவைப் போர்ப்படை அசைந்தால் செய்தி விரைவில் தலைநகரை அடைய வேண்டும் என்பதே நோக்கம். மம்லூக்குகள் காலத்தில் கெய்ரோக் கோட்டையில் புறாக் கோபுரங்கள் இருந்தன. செய்தி எழுதுவதற்கென்றே மெல்லிய ‘பறவைத்தாள்’ செய்யப்பட்டது. நம் நாட்டில் அக்பரின் அரண்மனையில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கள் இருந்ததை அபுல் ஃபஸ்லின் ‘ஆயினே அக்பரீ’ கூறும். 1946இல் இராணுவம் அளித்த 200 புறாக்களுடன் ஒரிசா காவல்துறை தொடங்கிய புறா அஞ்சல், 1982 வெள்ளத்திலும் 1999 பெரும்புயலிலும் பிற தொடர்புகள் அறுந்த வேளையில் பயன்பட்டது. பிற்காலத்தில் அது அஞ்சல் பணியிலிருந்து ஓய்வு பெற்று, நினைவுச் சின்னமாகப் பேணப்பட்டு வருகிறது.

சட்டத்தின் எல்லை

இனி மாணவரின் வினாவுக்கு வருவோம். ஹிதாயாவின் உரையாசிரியர்கள், புறாவை வீட்டில் மனத்துணையாக வளர்ப்பவரின் நேர்மை குன்றாது என்று தெளிவுபடுத்தியுள்ளனர். ஹன்பலீ அறிஞர் இப்னு குதாமா (ரஹ்) தம் ‘அல்முக்னீ’யில், குஞ்சுகளுக்காகவோ கடிதம் அனுப்பவோ துணைக்காகவோ பிறருக்குத் தொல்லையின்றி வளர்ப்பவரின் சாட்சியம் மறுக்கப்படாது என்கிறார். ஆக, கண்டிப்பு புறாவின் மீதன்று. அதனோடு சேர்ந்து வரக்கூடிய மூன்று தீங்குகளின் மீதாகும்.

முதலாவது, பிறர் உடைமை. ஒருவரது புறா மற்றவரது புறாவைத் தன் கூட்டுக்கு இழுத்து வரும். அதை விற்பதும் உண்பதும் நேரும் என்று உரையாசிரியர்கள் எச்சரிக்கின்றனர். இன்று காலில் உள்ள வளையமே உரிமையாளரைக் காட்டுகிறது. வழிதவறி வந்த பறவையின் எண்ணை அறிவித்துத் திருப்பித் தருவது, கண்டெடுத்த பொருளுக்குரிய கடமையே.

இரண்டாவது, அண்டை வீட்டார். பார்வை மட்டுமன்று; எச்சமும் இறகுத்தூளும் நுரையீரலைப் பாதிக்கக்கூடியவை. நாள்தோறும் கூட்டைத் துடைப்பதும், துடைப்பவர் முகத்தை மூடிக்கொள்வதும் உடல்நலம் மட்டுமல்ல, மார்க்கக் கடமையும் ஆகும்.

மூன்றாவது, பந்தயப் பணம். ஒட்டகம், குதிரை, அம்பு ஆகியவற்றிலன்றிப் போட்டிப் பரிசு இல்லை என்னும் கருத்தில் நபிமொழி உள்ளது. இமாம் நவவீ (ரஹ்) தம் ‘மின்ஹாஜ்’ நூலில், பறவைப் பந்தயத்தில் பரிசுப் பொருள் கூடாது என்பதே மிகச் சரியான கருத்து என்கிறார். இந்நபிமொழி தொடர்பாக ஹதீஸ் கலை மாணவர் அனைவரும் அறிந்த நிகழ்ச்சி ஒன்றுண்டு. புறாப் பிரியரான கலீஃபா மஹ்தீயிடம் (ஆட்சிக்காலம் கி.பி. 775-785) வந்த கியாஸ் பின் இப்ராஹீம் என்பவர், அவரை மகிழ்விக்க இந்நபிமொழியின் இறுதியில் ‘சிறகு’ என்னும் ஒரு சொல்லைத் தாமாகச் சேர்த்தார். மஹ்தீ கொடை அளித்து அனுப்பினார். அவர் சென்றதும், அது பொய்யென்று தாம் அறிந்ததைச் சொல்லி, அப்பொய்க்குக் காரணமான புறாக்களை அறுக்குமாறு ஆணையிட்டார். ஒரு சொல் கூடினால் விளையாட்டு ஆகுமானதாகிவிடும் என்னும் ஆசை அன்றும் இருந்தது, இன்றும் உண்டு. கூட்டின் மீது நமக்கு ஏற்பட்டுள்ள பரிவால் நாமும் ஒரு சொல்லைக் கூட்டிவிடலாகாது.

ஹிதாயாவின் முதற்காரணமான கவனமின்மையையும் நாம் நேரில் கண்டோம். விஜயவாடாவில் காலை ஆறரைக்குப் பறவைகள் விடப்பட்ட ஒரு நாள். பன்னிரண்டரைக்கு ளுஹருக்கான பாங்கு ஒலித்தது. நாள்தோறும் கூட்டில் எதையும் தவறவிடாத அக்கண்கள் அப்போதும் வடக்கு வானத்திலேயே நிலைத்திருந்தன. நாம் ஒன்றும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் அவரே நாணி எழுந்து வந்தார். ஜமாஅத்தில் இரண்டு ரக்அத்துகள் கடந்திருந்தன. தொழுதுவிட்டு மாடியேறியபோது பறவை தன் கட்டத்தில் அமர்ந்திருந்தது.

அன்று மாலை நமது விடையைக் கூறினோம். கூடு கட்டியதும் பறக்கவிட்டதும் அவரது சாட்சியத்தைத் தடுக்கவில்லை. ஆனால் உறுப்பினர் பணம் போட்டு வென்றவர் அள்ளிச் செல்லும் பந்தயப் பங்கு ஆகுமானதன்று; அதை விட்டுவிட வேண்டும். பறவை வரும் நேரம் எதுவாயினும் தொழுகையின் நேரம் அதற்கு முந்தியது. அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “பரிசுப் பணம் இருக்குதுன்னு புறாவுக்குத் தெரியாது ஹஜ்ரத். இல்லாட்டியும் அது வரும்” என்றார்.

அடுத்த மாதம் அந்நிக்காஹ் பதிவேட்டில் அவர் சாட்சியாகக் கையொப்பமிட்டார். ஹிதாயாவின் அவ்விடத்தை நாம் இப்போது விரைந்து கடப்பதில்லை. பாடம் நடத்துவதற்கு முன், மாணவர்களை ஒரு காலைப் பொழுதில் புறாக்கூட்டுக்கு அழைத்துச் செல்கிறோம். பார்த்த பின் தீர்ப்புச் சொல்லும் பொறுமையை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.